லூனாவுக்கு சோறு போடுறதில்லையா?

"இதுக்கு சோறு போடுறதில்லையா?"

லூனாவைப் பார்க்கிற எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கொழுந்தெடுக்கப் போகிற அக்காமார் கேட்டார்கள். சூன் பாண் கொண்டுவருகிற அண்ணன் கேட்டார். நாட்டுப் பக்கத்திலிருந்து பலாக்காய் விற்க வருகிற சீயா சிங்களத்தில் கேட்டார். கேட்டுவிட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். விலா எலும்பு தெரிகிறது, இடுப்பு உள்ளே ஒட்டிக்கிடக்கிறது, கால் நான்கும் ஈர்க்குச்சி போல இருக்கிறது, முதுகு வில்லு மாதிரி வளைந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் வேறு என்னத்தை நினைப்பார்கள்?

நாங்கள் மூன்று பேர், அக்கா, தங்கச்சி, தம்பி. கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டத்தில், அம்மாவோடும் ஆச்சியோடும் லயத்தில் இருக்கிறோம். தோட்டத்தில் பாதி தேயிலை, பாதி இறப்பர். மாமா கொழும்பில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை பார்த்தார். 2022 இல் பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற நேரம், அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாமாவுக்கு வேலை போனது. கடைசி மாதச் சம்பளத்தோடு ஒரு நாயையும் அதன் ஊசிப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். புத்தகத்தில் எழுதியிருந்தது: பெயர் லூனா, இனம் விப்பெட், பெண், வயது 2.

பெயரைக் கேட்டதும் ஆச்சி சொன்னார், "லோனா? இருக்கிற லோனே கட்ட முடியல, இது வேறயா?"

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் அவளுக்கு லோன் என்றுதான் பெயர்.

விப்பெட் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், அங்கே போய் நின்று போனில் தேடினோம். நாய்களில் மோப்பம் பிடித்துப் போகிறவை ஒரு வகை. தூரத்தில் அசைவதைக் கண்ணால் பார்த்து, பார்த்ததை ஓடிப் பிடிப்பவை இன்னொரு வகை. லூனா இரண்டாவது வகை. அந்த வகையில் ஒன்று கிரேஹவுண்ட். அதைச் சின்னதாக்கினால் விப்பெட். இன்னும் சின்னதாக்கினால் இத்தாலியன் கிரேஹவுண்ட், அது ஐந்து கிலோகூட வராது. விப்பெட் பெண் நாய் தோள்வரை 44 முதல் 47 சென்றிமீற்றர் உயரம் இருக்கும் என்று பிரித்தானியாவின் கென்னல் கிளப் கணக்குச் சொல்கிறது. எங்கள் கொழுந்துக் கூடையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகும். ஒரு பாய்ச்சலில் நான்கு காலும் இரண்டு தடவை தரையை விட்டு எழும்பும். உடம்பைச் சுருக்கும்போது ஒரு தடவை, நீட்டும்போது இன்னொரு தடவை.

எங்களை நிறுத்தி வைத்தது அதற்குப் பிறகு வாசித்த விஷயம்தான். நாங்கள் இதைத் துரைமார் நாய் என்று நினைத்திருந்தோம். மலையகத்து வெள்ளைக்காரர்கள் வேட்டை நாய்க் கூட்டம் வைத்திருந்தவர்கள்தானே. நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் தன் நாய்களோடு மரை வேட்டையாடியதை 1854 இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் விப்பெட்டின் கதை வேறு. வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவு ஆலையிலும் வேலை செய்த கூலிக்காரர்கள் வளர்த்த நாய் இது. குதிரை வாங்க வசதி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஓட விட்டுப் பந்தயம் கட்டினார்கள். 'ஏழையின் பந்தயக் குதிரை' என்றே அதற்குப் பட்டப்பெயர். நிலச்சொந்தக்காரனின் காட்டில் திருட்டுத்தனமாக முயல் பிடிக்கவும் இதுதான் உதவியது. ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளோடு படுத்து, அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு வளர்ந்த நாய். கென்னல் கிளப் 1891 இல்தான் அதை ஓர் இனமாக ஏற்றுக்கொண்டது.

ஆச்சிக்கு இதை வாசித்துக் காட்டினோம். அவருக்கு அது புதினமாக இல்லை. "எங்க ஐயா சொல்லுவாரு. அவுக ஊர்ப் பக்கம் இப்புடித்தான், வயிறு ஒட்டுன நாய் இருக்குமாம். மொசல் ஓட ஓட இதுவும் ஓடுமாம்" என்றார். ஆச்சியின் அப்பா வழி திருநெல்வேலிப் பக்கம். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி, அப்புறம் இராஜபாளையம் எல்லாம் இந்தப் பார்த்து விரட்டும் வகைதான். 2005 இல் இந்தியத் தபால் துறை நான்கு நாட்டு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டது, அதில் ஒன்று இராஜபாளையம். ஆச்சியின் அப்பா கப்பலேறும்போது எதையெல்லாமோ விட்டுவிட்டு வந்தார். வயிறு ஒட்டிய நாயின் கதை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

ஆனால் வாசித்தது ஒரு பக்கம், ஊர் வாய் ஒரு பக்கம். யாராவது "சோறு போடுறதில்லையா" என்று கேட்டால் எங்களுக்கு முகம் சுருங்கிவிடும். எனவே போட்டோம். காலையில் சோறு, மத்தியானம் சோறு, இரவு ரொட்டி. பக்கத்துக் காம்பராக்காரர்களும் பாவம் பார்த்து ஆளுக்கொரு பிடி போட்டார்கள். இரண்டு மாதத்தில் லூனாவின் விலா மறைந்தது. எங்களுக்கோ பெருமை.

அந்த நேரம்தான் வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசி போட்டோம். அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, யாரும் தவறவிடாதீர்கள். ஊசி போட வந்தவர் லூனாவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் இவ்வளவு சாப்பாடு போடுறீங்க?" என்று கேட்டார். முதல் தடவையாக ஒருவர் தலைகீழாகக் கேட்டார்!

அவர் சொல்லித் தந்தது இதுதான். இந்த வகை நாய்க்குத் தோலுக்குக் கீழே கொழுப்பு மிகக் குறைவு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிவது சரி. இடுப்பு எலும்பின் முனை தெரிவதும் சரி. பார்க்க வேண்டியது தொடையை. பின்தொடையில் சதை இறுகித் திரண்டிருந்தால் நாய் நன்றாக இருக்கிறது. தொடைச் சதை வற்றி, முதுகெலும்பின் கணுக்கள் வரிசையாகக் குத்தினால்தான் அது பட்டினி. அல்லது வயிற்றில் பூச்சி, அல்லது நோய். எடை கூடினால் அந்த ஈர்க்குச்சிக் கால்தான் தாங்க வேண்டும். மாதம் ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள் என்றார்.

நிறுக்க எங்கே போவது? கொழுந்து மடுவத்துக்குத்தான். அந்தி நிறுவை முடிந்ததும் லூனாவைக் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டோம். தலை மட்டும் வெளியே தெரிந்தது. 14 கிலோ. சுற்றி நின்ற அக்காமார் விடவில்லை. "சாக்குக்கு ரெண்டு கிலோ கழி!" "ஈரத்துக்கு ஒரு கிலோ கழி!" தினமும் தங்கள் கொழுந்தில் கழிபடுவதை நாயின் மேல் சொல்லி ஒரு பாட்டம் சிரித்தார்கள். சிரித்து முடித்து அவரவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாப்பாட்டை இரண்டு வேளையாகக் குறைத்தோம். சோற்றைக் குறைத்து இறைச்சியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். கோழிக் கடையில் கழுத்தும் ஈரலும் மலிவாகக் கிடைக்கும். அதை அவித்து, எலும்பை ஒன்று விடாமல் எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைவோம். அவித்த கோழி எலும்பு உள்ளே குத்திவிடும், எந்த நாய்க்கும் போடக்கூடாது. வெங்காயம், சொக்லேட், திராட்சை மூன்றும் ஆகாது. சாப்பிட்டவுடன் ஓட விடக்கூடாது. வாரத்துக்கு மூன்று முட்டையும் கொடுத்தோம்.

முட்டையில்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது.

பக்கத்துக் காம்பராவில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளைக்காம்பராவுக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்துப் புத்தகத்தில் புள்ளி வைப்பார். அந்தப் பிள்ளையின் புள்ளி எப்போதும் கோட்டுக்குக் கீழேதான். ஒரு மாதம் நாங்களும் அங்கே நின்றோம். மிஸ்ஸி ஏசினார். பிள்ளையின் அம்மா சொன்னார், "எங்க குடும்பமே ஒல்லிதான் மிஸ்ஸி. அது எங்க வாகு."

எங்களுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் மடுவத்தில் லூனாவுக்காக நாங்கள் சொன்ன அதே பதில். "அது அந்தச் சாதி நாயோட வாகு."

லூனாவின் விஷயத்தில் அது உண்மை. பிள்ளையின் விஷயத்தில் அது உண்மை இல்லை. 2016 இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்தால் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கிட்ட. இது வாகு என்றால், இறப்பர் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் அந்த வாகு இல்லை? பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் நாங்களே அதற்கு வாகு என்று பெயர் வைத்துவிட்டோம். மெலிந்த நாயைப் பார்த்து ஊரே கேள்வி கேட்கிறது. மெலிந்த பிள்ளையைப் பார்த்து மிஸ்ஸியைத் தவிர யாரும் கேட்பதில்லை.

முட்டை விலை ஏறிக் கிடந்த, திரிபோஷாவும் ஒழுங்காகக் கிடைக்காத மாதங்கள் அவை. அன்று இரவு அம்மா முட்டைக் கூடையைத் தள்ளி வைத்தார். "நாய்க்கு முட்டை அவிச்சுக் குடுக்கிறோம், சுவத்துக்கு அந்தப் பக்கம் புள்ள வெறும் ரொட்டி திங்குது. கேக்கவே நல்லா இல்ல."

எங்களில் மூத்தவள் வாதாடினாள். லூனா எங்கள் பொறுப்பு, பிள்ளை அவர்கள் பொறுப்பு என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் முட்டை சுவருக்கு அந்தப் பக்கம் போனது. லூனாவுக்குக் கோழி ஈரலும் நெத்தலியும் போதும் என்று கண்டுபிடித்தோம். உப்பு நெத்தலியை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து அலசிக் கொடுப்போம். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மூன்று முட்டை பிள்ளைக்கும் போதாது என்பது எங்களுக்குத் தெரியும்.

இனி மழை. எங்கள் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. கொழுப்பும் இல்லை, அடர்ந்த மயிரும் இல்லை, லூனாவுக்கு நடுக்கம் உடனே வந்துவிடும். நனைந்தால் துடைத்துக் காயவைக்க வேண்டும். வெறும் சீமெந்துத் தரையில் படுத்தால் முழங்கையில் தோல் தடித்துப் புண்ணாகும். அம்மாவின் பழைய படங்கை வெட்டி மழைக்கோட்டு தைத்தோம். ஸ்வெட்டர் கையை வெட்டிக் கழுத்துக்குப் போட்டோம். ஆச்சி தன் பழைய கம்பளியைத் தூக்கிப் போட்டார். "அந்தக் காலத்தில கம்பளியக் குடுத்துட்டு சம்பளத்தில புடிச்சிக்குவானுக. இதுகிட்ட என்னத்தப் புடிக்கிறது" என்றார். இப்போது ஆச்சியின் கால்மாட்டில்தான் அவளுக்குத் தூக்கம். இந்த இனத்தை வெளியே கட்டிப்போட்டு வளர்க்க முடியாது. ஆள் இல்லாவிட்டால் அழும். காவலுக்கும் உதவாது, குரைப்பதே அபூர்வம். பாண்காரரைக்கூட வாலை ஆட்டித்தான் வரவேற்கும்.

அட்டைக்கு நாங்கள் காலில் பூசுகிற சவர்க்காரத்தையும் சித்தாலேபையையும் நாய்க்குப் பூசக்கூடாது, நக்கிவிடும். நகத்தால் அட்டையின் வாயைத் தோலிலிருந்து நெம்பி எடுத்தால் போதும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கவிட்டால் மூக்குக்குள் தண்ணீர் அட்டை ஏறலாம். ஒரு பக்க மூக்கில் அடிக்கடி இரத்தம் வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். உண்ணியைத் தினமும் தேட வேண்டும், காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

இவ்வளவும் பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

ஒரு மாசி மாதம், வெயில் நாள். இறப்பர் மலை ஓரமாகக் கயிற்றில்லாமல் கூட்டிப்போனோம். அதுவரை கூப்பிட்டால் வருவாள். மானாப்புல்லுக்குள்ளிருந்து ஒரு முயல் எழும்பியது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அவள் காதில் ஏறவே இல்லை. கண் ஒன்றைப் பிடித்துவிட்டால் இந்த இனத்துக்குக் காது வேலை செய்யாது என்று வாசித்திருந்தோம். வாசித்ததை மறந்துவிட்டோம்.

மரக்கறித் தோட்டத்து முள்ளுக்கம்பியில் கண்டுபிடித்தோம். முயல் கம்பிக்குக் கீழே போயிருக்கிறது, லூனா நேராகப் போயிருக்கிறாள். விலாவின் மேல் ஒரு கை நீளத்துக்குத் தோல் துணி மாதிரிக் கிழிந்து தொங்கியது. அழவில்லை. எங்களைப் பார்த்து வாலை ஆட்டினாள். எங்களில் சின்னவன்தான் அழுதான்.

முதலில் போன இடத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள். த்ரீவீலரைத் திருப்பி அடுத்த டவுனுக்குப் போனோம். அங்கே பேராதனையில் படித்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். தைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும். எங்களில் மூத்தவள் கேட்டாள், "டொக்டர், இது விப்பெட். இதுக்கு மயக்க மருந்து வேற மாதிரின்னு வாசிச்சோம்." அவர் நிமிர்ந்து பார்த்து, சொன்னது நல்லது என்றார். தயோபென்டோன் மாதிரியான மருந்துகள் இந்த வகை நாயின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் கழியும். கொழுப்பு குறைவு, ஈரல் அதை உடைப்பதும் மெதுவு. மற்ற நாய்கள் எழும்பி நடக்கிற நேரத்தில் இது எழும்பாமலே கிடக்கலாம். வேறு மருந்து கொடுத்துத் தைத்தார். எழும்பும்வரை சூடாக வைத்திருக்கச் சொல்லி அவரே சுடுதண்ணீர்ப் போத்தல் தந்தார். அம்மாவின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேல் செலவு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்த வேலிக்குத் திரும்பிப் போனோம். முள்ளுக்கம்பிக்கு இருபது அடி தள்ளி, அவள் ஓடிய அதே தடத்தில், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி ஒன்று தொங்கியது. முயல் கொஞ்சம் திரும்பியிருந்தால் லூனாவின் கழுத்து அதில் போயிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படி ஒரு சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. அதுவும் பன்றிக்கு வைத்த கம்பிதான். கம்பி ஆள் பார்ப்பதில்லை.

காயம் ஆறியதும் லயத்து அண்ணன்மார் இரண்டு பேர் வந்தார்கள். "லோனை எங்களோட அனுப்புங்க தம்பி, நல்லா மொசல் புடிக்கும். கறியில பங்கு தாறோம்." அவர்களைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. கறி விலை எல்லாருக்கும் தெரியும். விப்பெட்டை முதன்முதலில் வளர்த்த சுரங்கக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் தையல் போட்ட விலாவைக் காட்டினோம், சுருக்கைக் காட்டினோம். அவர்களில் ஒருவர் சுருக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். யார் வைத்தது என்று நாங்களும் கேட்கவில்லை. அடுத்த நாள் அது அங்கே இல்லை.

லூனா இப்போது வெளியே கயிற்றில்தான். கழுத்து தலையை விட அகலம், சாதாரணப் பட்டி கழன்றுவிடும். அகலமான துணிப் பட்டி தைத்திருக்கிறோம். ஆனால் ஓடப் பிறந்ததை ஓடாமல் வைக்கவும் முடியாது. போயா நாட்களில் தோட்டத்து விளையாட்டு மைதானத்தின் கேட்டை மூடிவிட்டு, சுரங்கக்காரர்கள் செய்த மாதிரியே செய்கிறோம். ஒருவர் இந்த முனையில் அவளைப் பிடித்துக்கொள்வோம். மற்ற முனையில் சின்னவன் நின்று பழைய படங்குத் துண்டை ஆட்டுவான். வட இங்கிலாந்தில் கந்தல் துணியை ஆட்டித்தான் ஓடவிட்டார்களாம், இருநூறு யார் நேர்க்கோட்டில். அவள் போய்ச் சேர நாங்கள் எண்ணுவது பத்துக்குள் முடிந்துவிடும். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வேலியில் தொங்கிக்கொண்டு கத்தும். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையும்தான்.

இப்படியொரு நாய் உங்களிடம் வந்தால், மேலே சொன்னதை எல்லாம் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்க நினைத்தால், மழையையும் கம்பியையும் டொக்டர் செலவையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் மலையில் ஒரு பறை நாயை எடுத்து வளர்ப்பது இதைவிட லேசு.

போன மாதமும் மடுவத்தில் நிறுத்தோம். 11.8 கிலோ. தொடை கல் மாதிரி இருக்கிறது. அதே வாரம் மிஸ்ஸி வந்தார். பிள்ளைக்கு 300 கிராம் கூடியிருக்கிறது, புள்ளி இன்னும் கோட்டுக்குக் கீழேதான். எங்கள் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் இரண்டு வரிசை எழுதி வைத்திருக்கிறோம். ஒரு வரிசையில் எண் மாறாமல் இருக்க வேண்டும், மற்றதில் ஏற வேண்டும்.

பாண்காரர் நேற்றும் கேட்டார், "இதுக்கு சோறு போடுறதில்லையா?"

"இதுக்குப் போடுறோம் அண்ணே" என்றான் சின்னவன்.